போக்கும் வரத்தும்: அஞ்சல்வழிக் கல்வியிலிருந்து இணைய வகுப்பு வரை

1

மாட்டுத்தாவணி நிலையம் வருவதற்கு முன்னால், மதுரையிலிருந்து தெற்கே போகிற பேருந்துகள் பழங்காநத்தத்திலிருந்து கிளம்பும். 1988இல் அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ளஸ் டூ முடித்தாயிற்று. கல்லூரிக்குப் போக வீட்டில் வழியில்லை. 'கரஸ்'ஸில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தேன். சேர்ந்திருந்தேன் என்பதைவிடப் பணம் கட்டியிருந்தேன் என்று சொல்வதே பொருத்தம். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் அஞ்சல்வழியில் பாடம் நடத்தியவை ஒன்றுக்கு மேல் இருந்தன.

மாதங்கள் கழித்து ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே நான்கு பாடப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் விடை எழுதி அனுப்ப வேண்டிய வினாக்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களைப் பற்றி ஆறு பக்கம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் வாழ்க்கையில் நானாக யோசித்து எழுதிய முதல் ஆறு பக்கம் அது. திரும்பி வரவே இல்லை.

கடைக்கு டீ குடிக்க வருகிற பாண்டியன் பஸ் கண்டக்டர் அண்ணன் ஒருவரும் கரஸ்தான். தினமும் கேட்பார்.

"என்ன தம்பி, பேப்பர் திரும்பி வந்துச்சா?"

"வரலண்ணே."

"வராதுடா. காசு வாங்குவாய்ங்க, டிக்கெட்டக் கிழிச்சுக் குடுப்பாய்ங்க. ஆளு ஏறுனானா, எறங்குனானான்னு பாக்க மாட்டாய்ங்க. நானெல்லாம் அப்பிடி வேலை பாத்தா மெமோ குடுத்துருவாய்ங்க."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவது. அவர், மில்லில் ஷிப்ட் பார்க்கிற ஒருவர், சத்துணவு மையத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா, நான் என நான்கு பேர். ஒருவர் எழுதியதை மற்றவர் வாங்கிப் படிப்பது. மில்காரர் சிவப்புப் பேனா ஒன்று வாங்கி வந்திருந்தார். என் பிரெஞ்சுப் புரட்சியை மறுபடி எழுதச் சொல்லிப் படித்துவிட்டு, "ரொட்டி வெலை ஏறிப்போச்சுன்னு எழுதியிருக்க. வெலை ஏறுனா சனம் பட்டினி கெடக்கும். எப்பத் தெருவுக்கு வரும்? அத எழுதலயே" என்றார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நான் படித்த கல்லூரி அந்தக் கேள்விக்குறிதான்.

அந்த மாடி எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையிலும் இருக்காது. சேர்ந்தவர் எண்ணிக்கை, தேறியவர் எண்ணிக்கை, வசூலான கட்டணம் எல்லாம் இருக்கும். தொலைவில் இருக்கிறவருக்குக் கற்பித்தல் என்பதன் வரலாற்றை நிறுவனங்களின் பக்கமிருந்து எழுதினால் அது தபால், தொலைக்காட்சி, செயற்கைக்கோள், இணையம் என்று கருவிகளின் வெற்றிக் கதையாகவே வருகிறது. மாடியின் பக்கமிருந்து எழுதினால் வேறொரு கேள்வி முன்னே வருகிறது: பதில் யார் போட்டார்கள்?

2

பெயரிலிருந்து தொடங்கலாம். 'கரஸ்பாண்டன்ஸ்' என்றால் கடிதப் போக்குவரத்து. நான் எழுத, நீ எழுத. போக்கு ஒன்று, வரத்து ஒன்று. அதைத் தமிழில் 'அஞ்சல்வழிக் கல்வி' ஆக்கியபோது வழி மட்டும் வந்து சேர்ந்தது, வரத்து விடுபட்டுப்போனது. பின்னால் 'தொலைநிலைக் கல்வி' என்றார்கள். இப்போது 'இணையவழி'. மூன்று பெயரிலும் மாணவர் எங்கே இருக்கிறார், பாடம் எதன்மேல் ஏறிப் போகிறது என்பது உண்டு. அவர் பேசினால் யார் காது கொடுப்பது என்பது இல்லை.

தொடக்கம் இப்படி இல்லை. நம்மூர்த் தட்டச்சுப் பயிலகங்களில் சுருக்கெழுத்துப் படித்தவர்களுக்கு ஐசக் பிட்மனைத் தெரியும். 1840இல் இங்கிலாந்தில் தபால் கட்டணம் ஒரு பென்னியாகக் குறைந்தபோது, அவர் சுருக்கெழுத்துப் பாடங்களை அட்டைகளில் தபாலில் அனுப்பினார். மாணவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அதைத் திருத்தி மறுபடி அனுப்புவார். மலிவான தபால் இருந்ததால் பாடம் போனது. திருத்தம் திரும்பி வந்ததால்தான் அது பாடமாக இருந்தது.

இதற்குப் பதினெட்டு ஆண்டு கழித்து, 1858இல், லண்டன் பல்கலைக்கழகம் இன்னொரு கதவைத் திறந்தது. எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று கேட்காமல், வந்து தேர்வு எழுதலாம் என்றது. ஒருவகையில் இது பெரிய ஜனநாயகம்தான். ஆனால் கற்பிக்கிற பொறுப்பைப் பல்கலைக்கழகம் கைகழுவிவிட்டது. தேர்வை மட்டும் வைத்துக்கொண்டது. காலனிகளில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேரூன்றியது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரைக்கும் லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கே மாணவர்களைத் தயார்செய்தது. கேள்வித்தாளை யாரோ எங்கோ அமைப்பார்கள், விடைத்தாளை யாரோ எங்கோ மதிப்பிடுவார்கள். நடுவில் இருக்கிற மாணவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக இரண்டு மரபுகள். ஒன்றில் ஆசிரியர் திருத்தி அனுப்புகிறார், சான்றிதழ் பிரதானமில்லை. இன்னொன்றில் சான்றிதழ் உண்டு, திருத்துபவர் இல்லை. நாம் சுவீகரித்தது பெரும்பாலும் இரண்டாவதை.

3

மதுரைக்கு இந்த இரண்டாவது மரபு புதிதல்ல. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் தேர்வுகள் நடத்தியது. ஈழத்திலிருந்தும் அந்தப் பண்டிதத் தேர்வை எழுதினார்கள். தேர்வுதான் சங்கத்தினுடையது. படிப்பு அவரவர் ஊரில், அவரவர்க்கு வாய்த்த புலவரிடம். ஊரில் புலவர் வாய்ப்பதும், அவர் திண்ணையில் ஏறி உட்கார அனுமதி கிடைப்பதும் எல்லாச் சாதிக்கும் ஒன்றுபோல் நடந்திருக்காது என்பதை நாம் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மு.வரதராசனும் இப்படி வந்தவர்தான். திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராக இருந்து, முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாகத் தேறினார். 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' என்று கடித வடிவிலேயே நான்கு நூல்கள் எழுதியவர். அவர் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானது 1971இல். 1966இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் (1978இல்தான் அது காமராசர் பெயரைப் பெற்றது) அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியதும் அதே 1971. அண்ணாமலை 1979இலும் சென்னை 1981இலும் பின்தொடர்ந்தன.

1971ஐ வேறு இரண்டு காரணங்களுக்காகவும் குறித்துக்கொள்ளலாம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களை எடுத்துக்கொண்டது அந்த ஆண்டு. பள்ளி என்கிற நிறுவனத்தையே கலைக்கச் சொன்ன இவான் இல்லிச்சின் நூல் வெளிவந்ததும் அந்த ஆண்டு. கற்க விரும்புகிறவர்களும் கற்றுத்தர விரும்புகிறவர்களும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் 'கற்றல் வலைகள்' பற்றி அதில் பேசினார். பழங்காநத்தத்து மாடிக்கு இல்லிச்சைத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதில் பாதியை அது செய்துகொண்டிருந்தது. பிரிட்டன் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது பி.பி.சி. தொலைக்காட்சிப் பாடங்கள். அங்கே மாணவரைப் பிடித்து நிறுத்தியது அது மட்டுமல்ல. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயிற்றாசிரியர் இருந்தார், அவர் விடைகளுக்குக் கைப்படக் கருத்து எழுதினார். நாம் இறக்குமதி செய்தது தொலைக்காட்சியை. பயிற்றாசிரியரைச் செலவுக் கணக்கில் தட்டிவிட்டோம்.

ஏன் தட்டிவிட்டோம்? டி.எஸ்.கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி டில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அதற்கு முன்பே மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் மாலைக் கல்லூரி, அஞ்சல்வழி, வெளிவாரிப் பட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசியிருந்தது. கல்லூரி கட்டப் பணமில்லை, வாசலில் கூட்டம் நிற்கிறது. மலிவு என்பதே முதல் தகுதியாயிற்று. ஜெர்மானியரான ஓட்டோ பீட்டர்ஸ், தொலைநிலைக் கல்விதான் கல்வியின் மிகவும் தொழில்மயமான வடிவம் என்று 1967இலேயே எழுதினார். ஒருவர் பாடம் எழுத, ஒருவர் அச்சடிக்க, ஒருவர் உறையில் போட, இன்னொருவர் மதிப்பெண் போட என்று வேலை பிரிக்கப்படுகிறது. பிரிக்கிறபோது யார் பங்கிலும் விழாமல் போகிற வேலை ஒன்று இருக்கிறது: இந்த ஆறு பக்கத்தை எழுதிய பையனுக்கு ஒரு வரி பதில்.

இதனால் கரஸ்ஸே மோசடி என்று நான் சொல்லவரவில்லை. 'ரெகுலர்'காரர்கள் அப்படிச் சொல்வதுண்டு. "கரஸ்லதானே முடிச்ச?" என்ற கேள்விக்குள் இருப்பது மேட்டிமைத் திமிர். கண்டக்டரும், போலீஸ்காரரும், கல்யாணமாகிக் கைப்பிள்ளையோடு இருந்த பெண்ணும், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் என்ற சொல்லைக் கேட்டவர்களும் உள்ளே வந்த கதவு அது. மைக்கேல் மூர் என்ற கல்வியியலாளர் தொலைநிலைக் கல்வியில் தொலைவு என்பது நில அளவை சார்ந்ததல்ல, ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே நடக்கும் உரையாடல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தொலைவு என்றார். நாம் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நம்மூரில் அந்தத் தொலைவைச் சாதியும் ஷிப்டும் அடுப்படியும் ஏற்கெனவே அளந்து போட்டுவிட்டன. வகுப்பறைக்குள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கும் அதே தொலைவுதான். கரஸ்ஸில் அது வெளிப்படையாகத் தெரிந்தது, அவ்வளவே.

4

ஒருவர் பலருக்குக் கற்பிப்பது என்ற கனவுக்கு நம் ஊர்க் கிளைக்கதை ஒன்று உண்டு. 1789இல் சென்னை எழும்பூரின் ஆண் அநாதைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள குழந்தைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தேறிய பையன்களைக் கொண்டே மற்றப் பையன்களுக்குச் சொல்லித்தர வைத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறைதான் இது. 1797இல் லண்டனில் அவர் இதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' பிரிட்டன் முழுக்கப் பரவியது. இதே வழியில் போன ஜோசப் லங்காஸ்டர் ஆயிரம் பையன்களுக்கு ஒரே ஆசிரியர் போதும் என்றார். ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த முறை ஓடியது ஆசிரியரால் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையனால்.

பிந்தைய கருவிகள் ஆயிரத்தை லட்சமாக்கின, பக்கத்துப் பையனைக் கழற்றிவிட்டன. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் நாடு தழுவிய வகுப்பறையைத் தொடங்கியது. பாடம் ஆங்கிலத்தில், பகல் வேளையில். அந்த நேரத்தில் தொலைக்காட்சி முன்னால் யாரால் உட்கார முடியும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் நிகழ்ச்சி தயாரிக்கும் மையம் ஒன்று அமைந்தது. 2004இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் இணையம் வழியாக 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். எட்ஃக்ஸ் பாடக் காணொளிகளை ஆராய்ந்தவர்கள் 2014இல் சொன்னது: காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர் பார்ப்பது நடுத்தரமாக ஆறு நிமிடம்தான். இதைக் கேட்டதும் காணொளிகளைச் சின்னதாக வெட்டினார்கள். வெட்டுவது நல்லதுதான். ஆனால் ஏழாவது நிமிடத்தில் அவர் எதை நினைத்து எழுந்துபோனார் என்று கேட்க அங்கே ஆளில்லை.

பாவ்லோ ஃப்ரெய்ரே வங்கிமுறைக் கல்வி என்றார்: ஆசிரியர் போட்டு வைக்கிறார், மாணவர் சேமித்து வைக்கிறார். தொலைநிலைக் கல்வியில் இது இன்னும் ஒரு படி போகிறது. கணக்கு இருக்கிறதா என்று பார்க்கக்கூட யாரும் வருவதில்லை.

5

2020 மார்ச் 24 நள்ளிரவோடு நாடு மூடப்பட்டது. நான் பகுதிநேரமாக வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரி ஒன்றில் ஜூலையில் இணைய வகுப்பு தொடங்கியது. 2017-18இன் தேசிய மாதிரி ஆய்வு, இந்தியக் குடும்பங்களில் இணைய வசதி இருந்தவை ஏறக்குறைய நான்கில் ஒன்று, கணினி இருந்தவை ஏறக்குறைய பத்தில் ஒன்று என்றது. என் வகுப்பில் 62 பேர். பாதிக்கு மேல் அண்ணன் கைபேசி, அப்பா கைபேசி.

திரையில் 62 வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. நான் பேசுகிறேன், யாரும் பேசவில்லை. சுவரோடு பேசுகிற எரிச்சலில், எல்லாரும் கேமராவைப் போடுங்கள், போடாதவர்களுக்கு வருகை கிடையாது என்றேன். ஃபூக்கோவைப் பற்றிக் கூட்டங்களில் பேசியவன் நான். கண்காணிப்புக் கோபுரத்தில் இருப்பவர் கைதிகளைப் பார்ப்பார், கைதிகள் அவரைப் பார்க்க முடியாது என்று மாடியேறிச் சொன்னவன். கோபுரத்தில் எனக்கு நாற்காலி கிடைத்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மாணவி இரண்டு வாரம் கேமரா போடவில்லை. இரண்டு வாரமும் 'இல்லை' என்று குறித்தேன். ஒருநாள் இரவு பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. "சார் நான் எல்லா வகுப்பும் கேட்டேன் சார். எங்க வீடு ஒரே ரூம். அப்பா படுத்திருப்பாரு. அம்மா பூக்கட்டுவாங்க. கேமரா போட்டா எல்லாரும் தெரிவாங்க சார்."

நான் பதில் போட்டது இரண்டு நாள் கழித்து. என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 1988இல் என் ஆறு பக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமலிருந்தவரும் ஒருவேளை இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். ஒரு மணிநேரப் பேச்சை நிறுத்தினேன். ஆறேழு நிமிடக் குரல் பதிவு, நெட் கிடைக்கிறபோது கேட்டுக்கொள்ளலாம். முடிவில் ஒரே ஒரு கேள்வி. விடையைக் குரலிலோ, தாளில் எழுதிப் படம் எடுத்தோ அனுப்பலாம். ஆறு ஆறு பேராகக் குழு பிரித்தேன், மிச்சமிருந்த இரண்டு பேரை இரண்டு குழுவில் சேர்த்தேன். குழுவுக்கு ஒரு சட்டாம்பிள்ளை, வாரா வாரம் ஆள் மாறும். முதலில் அவர்களுக்குள் படித்துக் கேள்விக்குறி போட வேண்டும், பிறகு என்னிடம் வரும். இரண்டு நாளுக்குள் பெயர் சொல்லி அழைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பதில்.

மூன்றாவது வாரக் கேள்வி: உங்கள் வீட்டில் இருக்கிற ஆகப் பழைய காகிதம் எது? அது யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டது? ரேஷன் கார்டுகள் வந்தன. பட்டா வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது, அடகுச் சீட்டு வந்தது. அந்த மாணவி அனுப்பியது அவள் தாத்தாவின் மில் ஈ.எஸ்.ஐ. அட்டை. கூடவே எட்டு நிமிடக் குரல் பதிவு. அட்டையில் தாத்தாவின் பெயர் இருக்கிறது, அதே மில்லில் வேலை பார்த்த பாட்டிக்கு ஏன் அட்டை இல்லை என்று அவள் பாட்டியிடமே கேட்கிறாள். "நாங்க கூலிதானடி, எங்களுக்கு எங்கிட்டுக் கார்டு?" என்கிறது ஒரு குரல். பின்னணியில் குக்கர் விசில். காட்டக் கூசிய அந்த ஒற்றை அறை ஆவணக் காப்பகமாகிவிட்டது. எதைக் காட்டுவது என்று முடிவு செய்தது அவள்.

மாணவர்கள் இணைய வகுப்பில் 'ஈடுபடுவதில்லை' என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஈடுபாட்டை மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவர முடியாது. அவர் சொல்வதற்கு ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிகிற இடத்தில் அது உண்டாகிறது.

6

இதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பேசாமல் விட்டால் இது இன்னொரு நல்லாசிரியர் கதையாகிவிடும். 62 பதில், வாரத்துக்கு. எனக்குச் சம்பளம் நடத்திய மணிக்கு இவ்வளவு என்று. பதில் போட்ட மணிக்குக் கிடையாது. மூன்றாவது மாதத்தில் தாமதமானேன். சில வாரம் 'நன்று' என்று ஒற்றைச் சொல் போட்டு அனுப்பினேன், அவர்களும் ஒற்றை வரியில் விடை அனுப்பினார்கள். பதில் என்பது உழைப்பு. கருவி எவ்வளவு மலிந்தாலும் அது மலிவதில்லை. தபால் நாளிலிருந்து இன்றுவரை நிறுவனம் கணக்கில் காட்ட மறுக்கிற உழைப்பு அது. காட்டினால், ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று கேட்க வேண்டிவரும்.

அரசுக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஊரடங்கில் பாடங்களை ஒளிபரப்பியது. அது போதவில்லை என்பதால்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது: எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தெருவிலேயே, சாயங்காலத்தில், தன்னார்வலர் ஒருவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி நடந்த விதமும் இப்படித்தான். பாடம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பது இரண்டு முறையும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண், அவளுக்குக் கிடைத்தது மிஞ்சிப்போனால் ஒரு ஊக்கத்தொகை என்பதும் இரண்டு முறையும் நடந்தது.

ஆகவே இணைய வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கு அக்கறையில்லை. எந்தப் பல்கலைக்கழகம் இணையத்தில் பட்டம் தருவதாக விளம்பரம் செய்தாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்று. மாணவர் எழுதி அனுப்பினால் எத்தனை நாளில், யார், என்ன சம்பளத்துக்குப் பதில் எழுதுவார்? அதைக் கட்டண ரசீதிலேயே அச்சடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

போன மாதம் பழங்காநத்தம் ரவுண்டானாவில் கண்டக்டர் அண்ணனைப் பார்த்தேன். ஓய்வு பெற்றாயிற்று. பி.ஏ. முடிக்கவில்லை, இரண்டு பேப்பர் நின்றுபோனது. நான் இப்போதும் மாலையில் இணையத்தில் பாடம் சொல்கிறேன் என்றதும், "பசங்க பேப்பரத் திருப்பிக் குடுக்குறியாடா?" என்றார்.

"குடுக்குறேண்ணே" என்றேன். இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் என் கைபேசியில் பதினோரு விடைகள் பதில் போடாமல் கிடக்கின்றன.